பார்த்தாலே தெரியும் என்கிற மேஸ்திரி

கேள்வி:

கடலூர் சிப்காட்டில் இரசாயன ஆலைகளுக்குப் பராமரிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை ஆலையை நிறுத்திச் செய்யும் ஷட்டவுன்தான் எங்களுக்குப் பெரிய வேலை. போன ஆண்டு ஒரு பம்புக்கு, திரவம் வெளியே கசியாமல் தடுக்கும் சீலை மாற்றிக் கொடுத்தோம். பத்தே நாளில் கசிந்தது. இந்த ஆண்டு வேறு பம்பு, வேறு ஆட்கள், அதே கதை. வேலை முடிந்ததும் ‘கற்ற பாடங்கள்’ என்று ஒரு எக்செல் படிவம் அனுப்புகிறேன். பாதிப் பேர் நிரப்புவதில்லை. நிரப்புகிறவர்களும் ‘ஒருங்கிணைப்பு மேம்பட வேண்டும்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் மூத்த மேஸ்திரி தை மாதத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்கிறார். அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வாங்கிவிடு என்கிறார் முதலாளி. கேட்டால், “இதுல சொல்றதுக்கு என்னம்மா இருக்கு, பார்த்தாலே தெரியும்” என்கிறார் மேஸ்திரி. புதுச்சேரி சேதராப்பட்டில் எங்களுக்கு இன்னொரு டீம் இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது, இங்கே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. இதற்கெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்று முதலாளி சொல்கிறார். எதை வாங்குவது?

– கடலூர் வாசகி

பதில்:

சாஃப்ட்வேர் பேச்சைக் கடைசிக்குத் தள்ளி வைப்போம். முதலில் மேஸ்திரி.

அவர் உங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. தட்டிக்கழிக்கவும் இல்லை. அவ்வளவு காலம் கையால் செய்த ஒருவருக்கு, தனக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதே தெரியாது. வெள்ளைத்தாளை நீட்டித் தெரிந்ததை எழுதுங்கள் என்றால் நீங்களும் நானும்கூட முழிப்போம். கேட்ட விதம்தான் சரியில்லை.

உங்கள் சீல் கசிவையே எடுத்துக்கொள்வோம். காரணம் பலவாக இருக்கலாம். பம்பு திரவம் இல்லாமல் வறண்டு ஓடியிருக்கலாம், சீல் முகத்தில் அழுக்கு விரல் பட்டிருக்கலாம். ஆனால் புது சீல் பத்து நாளில் போகிறது, அதுவும் இரண்டு ஆண்டும் போகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அலைன்மென்ட்டை, அதாவது மோட்டார் அச்சும் பம்பு அச்சும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதை. அதிலும் குறிப்பாக, பைப் பம்பை இழுக்கிறதா என்பதை. பையன்கள் என்ன செய்வார்கள்? மோட்டாரையும் பம்பையும் அழகாக அலைன் செய்வார்கள். நுண்ணிய விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் ரீடிங்கைக் குறித்து கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் பைப் முனையில் போல்ட் ஓட்டைகளோடு இருக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சைப் பம்போடு சேர்த்து போல்ட்டை முடுக்குவார்கள். பைப் கொஞ்சம் விலகி நின்றால், முடுக்கும்போது பம்பையே தன் பக்கம் இழுத்துவிடும். அலைன்மென்ட் போச்சு. காகிதத்தில் ரீடிங் மட்டும் பத்திரமாக இருக்கும்.

இதைத் தடுக்க ஒரு எளிய வழி உண்டு. டயல் கேஜை, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் மேல் வைத்துவிட்டு ஃபிளாஞ்சு போல்ட்டை முடுக்க வேண்டும். முடுக்கும்போது முள்ளைப் பார்க்க வேண்டும். 0.05 மி.மீ., அதாவது ஐந்து கோடு தாண்டி முள் நகர்ந்தால் நிறுத்திவிட்டுப் பைப்பைத்தான் சரிசெய்ய வேண்டும். உயரத்தைச் சரிக்கட்டும் மெல்லிய ஷிம் தகட்டை அங்கே ஒன்று இங்கே ஒன்று செருகி ஒப்பேற்றக் கூடாது.

உங்கள் மேஸ்திரி டயல் வைக்கிற வரைக்கும்கூடப் போகமாட்டார் என்று நினைக்கிறேன். போல்ட் ஓட்டையில் போல்ட் கையால் தள்ளினாலே போகிறதா, கடப்பாறை போட்டு நெம்பினால்தான் போகிறதா என்று ஒரு கண் பார்ப்பார். நெம்பவேண்டியிருந்தால் “பைப்பை வெட்டு” என்பார். அதுதான் அவர் சொல்கிற ‘பார்த்தாலே தெரியும்’. அதில் மந்திரம் ஒன்றுமில்லை. எதைப் பார்க்கிறார், எப்போது பார்க்கிறார், எது வரைக்கும் விடுவார், எதற்கு மேல் விடமாட்டார் என்ற நான்கு விஷயம் அதற்குள் இருக்கிறது. அவரை அலுவலக நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் இந்த நான்கும் வராது. பம்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் வரும்.

அப்படி நிற்கும்போதும் “உங்களுக்கு என்ன தெரியும் அண்ணே” என்று கேட்காதீர்கள். “புதுப் பையன் ஒருத்தன் இதைத் தனியாகச் செய்தால் எங்கே கோட்டை விடுவான்?” என்று கேளுங்கள். மேஸ்திரிகளுக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அரை மணி நேரத்துக்கு நிறுத்தமாட்டார். அப்புறம், “போன தடவை எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் தட்டியது? எதைப் பார்த்து?” என்று ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். குறிப்பிட்ட நாளையும் குறிப்பிட்ட பம்பையும் சொன்னால் கதை வரும், கதைக்குள் விஷயம் வரும். அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், அவர் அனுமதியோடு. எழுதும் வேலை அவருடையது அல்ல, உங்களுடையது அல்லது உங்கள் டிரெய்னி இன்ஜினியருடையது. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். “நான் அப்படிச் சொல்லலையே” என்று அவர் திருத்துகிற இடத்தில்தான் நல்ல சரக்கு இருக்கும்.

இதற்கு ஜப்பானில் ஒரு பெயர்பெற்ற உதாரணம் உண்டு. 1985-இல் ஒசாகாவில் மட்சுஷிதா நிறுவனம் வீட்டில் ரொட்டி செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு முயன்றும் மாவு சரியாகப் பிசைபடவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. இகுகோ தனாகா என்ற சாஃப்ட்வேர் பெண்மணி, ஊரிலேயே நல்ல ரொட்டிக்குப் பெயர்போன ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய் வேலை பழகினார். பிசையும்போது ரொட்டிக்காரர் மாவை ஒரு தனி மாதிரியாக இழுக்கிறார் என்பது தனாகாவின் கண்ணில் பட்டது. அதை இன்ஜினியர்களோடு உட்கார்ந்து, பலமுறை செய்துபார்த்து, இயந்திரத்தின் உட்புறத்தில் வரப்பு மாதிரி மேடான வரிகள் வைத்துக் கொண்டுவந்தார்கள். இகுஜிரோ நோனாகா என்ற பேராசிரியர் 1991-இல் இதை எழுதி, அறிவு மேலாண்மை பேசுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கதையாக ஆக்கிவிட்டார்.

எல்லோரும் அந்தப் பெண்மணியின் கூர்மையைத்தான் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. ஒரு சாஃப்ட்வேர் ஆளை ஹோட்டல் சமையல்கட்டுக்கு அனுப்ப, “இது வேலை நேரம்தான், சம்பளம் உண்டு, ஷெட்யூலில் இடம் உண்டு” என்று யாரோ ஒரு மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் வேலையும் அதுதான். அறிவைத் திரட்டுவதும் எழுதுவதும் இரண்டாம் பட்சம். அதற்கான நேரத்தையும் ஆளையும் வேலைத் திட்டத்துக்குள்ளேயே ஒதுக்குவதுதான் ப்ராஜெக்ட் மேனேஜர் மட்டும் செய்யக்கூடிய காரியம். மேஸ்திரியால் முடியாது, பையன்களால் முடியாது, ஹெச்.ஆரால் சுத்தமாக முடியாது.

ஆகவே தைக்குள் வருகிற வேலைகளில் அவரை ‘கை’ கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். கஷ்டமான நாலைந்து வேலைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் இரண்டு இளம் ஃபிட்டர்கள் செய்யட்டும், இவர் பக்கத்தில் நிற்கட்டும். ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. முதல் நாள் அவருக்குக் கை அரிக்கும், வாங்கிச் செய்துவிடுவார். வேலையும் சீக்கிரம் முடியும், பையன்கள் ஒன்றும் கற்றிருக்கமாட்டார்கள். அந்த வேலைகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் போட்டுத்தான் ஷெட்யூல் எழுத வேண்டும். போடாவிட்டால், மதியம் மூன்று மணிக்கு வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன் வரும், “அண்ணே நீங்களே முடிச்சிடுங்க” என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பேசாமல் விட்டால் இந்தப் பதிலே பொய். மேஸ்திரிக்குப் பயம் இருக்கலாம். நின்றுகொள்கிறேன் என்று சொல்கிறவர்களில் பலர் நிற்பதில்லை. அவசரத்துக்குக் கூப்பிட்டால் வந்து நாள்கூலி வாங்கிக்கொள்வார்கள், அதுதான் அவர்களுடைய பென்ஷன். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் கூப்பிடுவார்கள்? இது நியாயமான கணக்கு. “கம்பெனியின் நன்மைக்காக” என்று ஆரம்பித்து அவரிடம் பேசாதீர்கள். தைக்குப் பிறகு மாதத்தில் இத்தனை நாள் பயிற்சிக்கு வர வேண்டும், நாளுக்கு இவ்வளவு, அது அவர் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல் என்று முதலாளியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். முதலாளி அதற்குச் சம்மதிக்காவிட்டால், எழுதி வாங்குகிற பேச்சையும் அவரே வைத்துக்கொள்ளட்டும்.

அதே சமயம், அண்ணன் சொல்வதெல்லாம் வேதம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய கைகளிடம் பழைய பழக்கங்களும் இருக்கும். பேரிங்கை கேஸ் டார்ச் போட்டுச் சூடாக்கி ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேரிங்கை 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோகக் கூடாது, தீச்சுடரில் அந்தக் கணக்கெல்லாம் நிற்காது. இண்டக்ஷன் ஹீட்டர் எதற்கு இருக்கிறது? ஃபிளாஞ்சு போல்ட்டைச் சம்மட்டி ஸ்பேனரில் அடித்து, “டைட் ஆயிடுச்சு, சத்தத்திலேயே தெரியுது” என்பார். குறித்த இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ அடிக்கும் டார்க் ரெஞ்சு வைத்து, எதிரெதிர் போல்ட்டாக, மூன்று சுற்றாக முடுக்க வேண்டும் என்று டிரெய்னி இன்ஜினியர் சொல்லுவார். இங்கே இருவரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு ஃபிளாஞ்சில் இரண்டு முறையையும் செய்யச் சொல்லி, பிரஷர் டெஸ்டில் எது நிற்கிறது என்று பார்க்கலாம். சத்தத்தை வைத்து அவர் சொன்னது சில இடத்தில் சரியாகவும் இருக்கும்: துருப்பிடித்த மரையில் டார்க் ரெஞ்சு ‘க்ளிக்’ அடிக்கும், போல்ட் உண்மையில் இறுகியிருக்காது. கடற்காற்றில் கிடக்கும் போல்ட்டுகளில் இது சாதாரணம். கடைசியில் ‘மரையைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, அப்புறம் டார்க்’ என்று இரண்டு பேருமே முன்பு எழுதியிராத ஒரு வரி கிடைக்கும். இருப்பதைப் பத்திரப்படுத்துவதோடு நிற்காமல் புது அறிவு உண்டாவது இப்படித்தான்.

இனி உங்கள் படிவம். அதைத் தூக்கிப்போடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், படிவத்தின் கேள்விகளில் தப்பில்லை. நேரம்தான் தப்பு. ஷட்டவுன் முடிந்து ஒரு வாரம் கழித்து அனுப்பியிருப்பீர்கள். அதற்குள் வெளியூர் வெல்டர்கள் ரயிலேறியிருப்பார்கள், சூப்பர்வைசர் அடுத்த வேலையில் இருப்பார், உங்கள் கையில் மிஞ்சியது அலுவலகத்தில் இருக்கும் நாலு பேர். ‘ஒருங்கிணைப்பு மேம்பட வேண்டும்’ என்பது மறந்துபோனவர்கள் எழுதும் வாக்கியம்.

அமெரிக்க ராணுவம் 1970-களிலிருந்து பயிற்சிகளில் பழகிவந்த ஒரு முறை உண்டு. பயிற்சி முடிந்த கையோடு, அதே களத்தில், எல்லோரும் கூடி நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி? அடுத்த தடவை எதை மாற்றுவோம்? இவ்வளவுதான். இதை நீங்கள் ஷட்டவுன் முடிவில் வைக்காமல், மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிவில் வையுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. நின்றபடியே, கால் மணி நேரம், டீ வந்ததும் ஆரம்பித்து டம்ளர் காலியாகும்போது முடித்துவிடலாம். மூன்றாம் நாள் கண்டுபிடித்ததை நான்காம் நாளே மாற்றினால்தான் ஆட்களுக்கு இதில் நம்பிக்கை வரும். போன ஷட்டவுனின் பாடத்தை அடுத்த ஆண்டு பயன்படுத்துவோம் என்றால் யார் கேட்பார்கள்?

அந்தக் கால் மணி நேரத்தில் யார் முதலில் பேசுகிறார் என்பது முக்கியம். சூப்பர்வைசர் முதலில் பேசினால், அவர் பேசியதைத்தான் மற்றவர்கள் தலையாட்டி முடிப்பார்கள். ஹெல்ப்பரை முதலில் பேசவிடுங்கள். அவருக்கு எதிரில் நிற்கும் எல்லோரும் மேலே இருப்பவர்கள்; வயதில், சம்பளத்தில், நம் ஊரில் வேறு சில கணக்குகளிலும். அதனால் பொதுவாக “ஏதாவது சொல்லுப்பா” என்றால் வாய் திறக்கமாட்டார். “இன்னைக்கு எவ்வளவு நேரம் சும்மா நின்னீங்க, எதுக்காக நின்னீங்க?” என்று கேளுங்கள். வேலை தொடங்க ஆலை தரும் பெர்மிட் வர ஒன்றரை மணி நேரம் ஆனது, கேஸ்கெட் அளவு தப்பாக வந்தது, கிரேன் வேறு இடத்தில் இருந்தது என்று உங்கள் ஷெட்யூலின் ஓட்டைகளை எல்லாம் அவரே சொல்லிவிடுவார். பீகார், ஒடிசா வெல்டர்கள் இருந்தால் இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அவர்களில் சிலர் நம்மைவிடப் பெரிய ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

‘யார்’ என்ற சொல் அந்தக் கூட்டத்தில் வரவே கூடாது. முதலாளி வர வேண்டாம், ஆலையின் ஆட்களும் வேண்டாம். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களிடமிருந்துதான் அதிகத் தவறுகள் பதிவானதைக் கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல. வெளியே சொல்லப் பயப்படாததால் என்ற முடிவுக்கு வந்தார். உங்கள் டீமில் ‘எல்லாம் ஓகே மேடம்’ என்று ஒரு வாரம் தொடர்ந்து கேட்டால் சந்தோஷப்படாதீர்கள். ஒரு எச்சரிக்கை: ஆட்களுக்கு அடிபட்டது, வாயு கசிந்தது, அடிபடாமல் மயிரிழையில் தப்பியது ஆகியவை டீ நேரத்துப் பேச்சில் முடிகிற விஷயங்கள் அல்ல. அவை முறைப்படி பாதுகாப்பு அதிகாரிக்குப் போயாக வேண்டும். இரசாயன ஆலையில் இதில் சமரசமே இல்லை.

சரி, பேசினார்கள், எழுதினீர்கள். அந்தக் காகிதம் எங்கே போகும்? பெரும்பாலான இடங்களில் இங்கேதான் எல்லாம் புதையும். என் அளவுகோல் ஒன்றே ஒன்று. ஒரு பாடம் ஏதாவது ஒரு வேலைக் காகிதத்தை மாற்றியிருக்க வேண்டும். வேலையின் படிகளை எழுதிக் கொடுக்கும் ஜாப் கார்டில் ஒரு வரி கூடியிருக்க வேண்டும், அல்லது சாமான் பட்டியலில் ஒரு பொருள், அல்லது ஷெட்யூலில் ஒரு மணி நேரம். மாற்றவில்லை என்றால் அது பாடம் அல்ல, புலம்பல். போன ஆண்டு சீல் கசிந்தபோது ‘அலைன்மென்ட்டில் கவனம் தேவை’ என்று யாராவது எழுதியிருப்பார்கள். அதற்குப் பதில் பம்பு ஜாப் கார்டில் ‘ஃபிளாஞ்சு முடுக்கும்போது டயல் ரீடிங்: முன் ___, பின் ___’ என்று இரண்டு கட்டம் போட்டிருந்தால், இந்த ஆண்டு வேறு ஆட்கள் வந்தாலும் அந்தக் கட்டம் அவர்களைக் கேட்டிருக்கும். யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை.

அடுத்த ஷட்டவுனின் முதல் கூட்டத்திலும் இதே பிடிவாதம் வேண்டும். “பழைய பாடங்களைப் படித்துவிட்டீர்களா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “போன தடவை நடந்ததால் இந்தத் திட்டத்தில் எந்த மூன்று விஷயத்தை மாற்றியிருக்கிறீர்கள், காட்டுங்கள்” என்று கேளுங்கள். அப்புறம் கேரி கிளைன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு பயிற்சியையும் செய்துபார்க்கலாம். ஷட்டவுன் முடிந்துவிட்டது, படுதோல்வி, ஆலை நான்கு நாள் தாமதமாகத்தான் ஓடியது என்று வைத்துக்கொண்டு, ஏன் அப்படி ஆனது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். நடந்துவிட்டதாகச் சொன்னால் மனிதர்களுக்குக் காரணம் எளிதாக வருகிறது. நடக்குமா என்று கேட்டால் மரியாதைக்கு “நடக்காது சார்” என்பார்கள்.

கடலூர்க்காரர்கள் அதில் மழையை எழுதாமல் இருக்கமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலையும் பார்த்த ஊர். அந்த அறிவு ஊரில் நிறைய இருக்கிறது, வேலைத் திட்டத்துக்குள் வருவதில்லை, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் வெல்டிங் வேலை இருக்கிறது என்றால் ராடு எங்கே வைத்திருக்கிறீர்கள்? லோ-ஹைட்ரஜன் ராடு ஈரத்தை உறிஞ்சும். பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் ஓவனில் காயவைத்து, சைட்டுக்குக் கொண்டுபோகும்போதும் சூட்டுப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டில் ஓட்டை விழும், விரிசலும் வரலாம். உப்பனாற்றங்கரை ஈரக்காற்றில் வேலை செய்து பழகிய ஸ்டோர்காரருக்கு இது அத்துபடி. அவரை எந்தத் திட்டக் கூட்டத்துக்காவது கூப்பிட்டிருக்கிறீர்களா?

சேதராப்பட்டு டீம் விஷயத்துக்கு வருகிறேன். மாதாந்திர ஜூம் கூட்டம் என்று ஆரம்பிக்க வேண்டாம். கேமராவை அணைத்துவிட்டு எல்லோரும் வேறு வேலை பார்ப்பார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களோடு ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் கூடவே திரிந்து கவனித்திருக்கிறார். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது சாப்பாட்டு நேரத்துக் கதைகளால். “அந்த மெஷின்ல எனக்கு ஒரு தடவை என்ன ஆச்சுன்னா” என்று தொடங்கும் கதைகள்தான். பின்னால் அந்த நிறுவனம் இத்தகைய குறிப்புகளைத் திரட்ட யூரேகா என்ற அமைப்பை உண்டாக்கியது. குறிப்பை எழுதுவதும் டெக்னீஷியன்தான், சரிபார்ப்பதும் இன்னொரு டெக்னீஷியன்தான். எழுதியவர் பெயர் குறிப்போடேயே இருக்கும். அந்தப் பெயர்தான் பெரிய கூலியாக இருந்தது.

உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருப்பது ஒரு பஸ் பயணம். உங்கள் திட்டத்தை இறுதி செய்வதற்கு முன், அங்கிருந்து ஒரு சூப்பர்வைசரையும் ஒரு ஃபிட்டரையும் வரவழைத்து, “நாங்கள் இப்படிச் செய்யப்போகிறோம், இதில் நீங்கள் அடிபட்ட இடம் எது?” என்று அரை நாள் கேளுங்கள். வேலைக்கு முன்னால் கேட்டால் உதவி. வேலை கெட்ட பிறகு கேட்டால் விசாரணை, யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மதியச் சாப்பாட்டை நல்ல இடத்தில் போடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். அடுத்த முறை உங்கள் ஆட்கள் அங்கே போகட்டும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு பம்புக் குறிப்பின் அடியிலும் சொன்னவர் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயரை அல்ல.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நிச்சயம் இருக்கும். குட்மார்னிங் ரோஜாவுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே அருமையான வேலைப் படங்கள் மூழ்கிக்கிடக்கும். தடை போடாதீர்கள். வாரக் கடைசியில் டிரெய்னி ஒருவர் அதிலிருந்து உருப்படியான படங்களை எடுத்து, பம்பு நம்பர் போட்டு, ஒரு ஃபோல்டரில் சேர்க்கட்டும். அவரும் பாதி வேலையைக் கற்றுக்கொள்வார்.

முதலாளியை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, சீல் கசிந்த இரண்டு தடவையும் ஆன செலவைக் கூட்டிக் காட்டுவது: புது சீல், மறுபடி ஆட்களின் கூலி, வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட பில். இரண்டாவது, உங்கள் நிறுவனத்துக்குத் தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் இருந்தால் அதன் 2015 பதிப்பில் 7.1.6 என்ற பிரிவைப் படிக்கச் சொல்வது. வேலைக்குத் தேவையான அறிவு என்ன என்று நிறுவனமே கண்டறிந்து, பராமரித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆடிட்டர் கேட்டால் காட்ட எக்செல் படிவம் போதும் என்று அவர் நினைக்கலாம். மேஸ்திரியின் பெயர் போட்ட பத்து பம்புக் குறிப்புகள் அதைவிட நன்றாக நிற்கும்.

இப்போது சாஃப்ட்வேர். ஓராண்டுக்கு ஒன்றும் வாங்காதீர்கள். ஒவ்வொரு பம்புக்கும் ஒரு பக்கம், ஒரு ஷேர்ட் ஃபோல்டர், ஃபோல்டரில் பம்பு டேக் நம்பரே தலைப்பு. அதையே அச்செடுத்து, லேமினேஷன் போட்டு, ஜாப் கார்டோடு கிளிப் செய்து பெர்மிட் வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பிளாண்டுக்குள் பல இடங்களில் போனைக் கொண்டுபோகவே விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? நூறு பக்கம் சேர்ந்து, தேடுவது கஷ்டமாகிவிட்டது என்று ஃபிட்டர்களே முறையிட ஆரம்பித்தால் அப்போது எழுதுங்கள், எதை வாங்கலாம் என்று பார்ப்போம். தைக்கு முன்னால் எந்த நாலைந்து வேலையில் மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்தலாம் என்ற பட்டியலை மட்டும் இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.